லேப்டாப்பைக் கழிக்கும் முன் பின்மூடியைத் திறந்து பாருங்கள்

பத்து வயதான லேப்டாப் தவழ ஆரம்பித்தால் பலரும் பிராசஸர்மீதுதான் பழி போடுகிறார்கள். பெரும்பாலும் அது தவறான தீர்ப்பு. இணையம் பார்க்க, கடிதம் தட்டச்சு செய்ய, எக்செல்லில் கணக்குப் போட, ஆன்லைன் வகுப்பில் உட்கார 2013இல் வந்த இன்டெல் ஐ5 இன்றைக்கும் தாராளமாகப் போதும். அதைக் காக்க வைப்பது பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க். அடுத்த குற்றவாளி, 4 ஜிபியோடு நின்றுபோன ராம். பல மாடல்களில் இந்த இரண்டையும் வீட்டு மேசையிலேயே, சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் கொண்டு மாற்றிவிடலாம்.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. அதே ஆண்டின் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டதால் ராம் விலை கடுமையாக ஏறியது. பொதுமக்களுக்கு ‘க்ரூஷியல்’ என்ற பெயரில் ராமும், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. புதிய லேப்டாப் வாங்குவது எளிதாக இல்லாத இந்த நேரத்தில், கையில் இருப்பதை மீட்பதுதான் புத்திசாலித்தனம். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பக் காலக் கணினிகள், ஹார்டு டிஸ்க்கோடு இன்னும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் உறங்குகின்றன. அவற்றையும் மனத்தில் வைத்துதான் இதை எழுதுகிறேன்.

ஹார்டு டிஸ்க் ஏன் தாமதிக்கிறது?

லேப்டாப் ஹார்டு டிஸ்க்கின் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல் இருக்கும் இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்துசேர சராசரியாக அரைச் சுற்று ஆகும். அதாவது ஐந்தரை மில்லி விநாடி. அதற்கு முன் அந்த முனை சரியான வளையத்துக்கு நகர வேண்டும். அதற்குப் பத்து மில்லி விநாடிக்கு மேலும் பிடிக்கலாம். இரண்டையும் சேர்த்தால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சிறு தகவல்களை விநாடிக்கு அறுபது, எழுபது தடவைதான் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. வைரஸ் ஸ்கேனும் அப்டேட்டும் அதே நேரத்தில் வரிசையில் நுழைகின்றன. பிராசஸர் கை கட்டி நிற்கிறது.

எஸ்எஸ்டியில் சுற்றும் பாகம் எதுவும் இல்லை. மின்னணு சிப்பிலிருந்து நேரடியாக எடுப்பதால் ஒரு தேடலுக்கு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். விநாடிக்கு ஆயிரக்கணக்கில், பல சமயம் பல்லாயிரக்கணக்கில் கோரிக்கைகளை முடிக்கும். கடையில் அட்டைப்பெட்டி மேல் அச்சிட்டிருக்கும் ‘விநாடிக்கு 500 எம்பி’ என்ற எண் பெரிய கோப்பை நகலெடுக்கும் வேகம். அதில் ஹார்டு டிஸ்க்கைவிட ஐந்து மடங்கு முன்னேற்றம்தான். நாம் உணரும் சுறுசுறுப்பு சிறு கோப்புகளில் கிடைக்கிறது. அதில் வித்தியாசம் நூறு மடங்குக்கும் மேல். இதனால்தான் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே பழைய இயந்திரத்தைப் புதிதாக்கிவிடுகிறது. 3,500 எம்பி என்று விளம்பரம் செய்யும் விலை உயர்ந்த ரகம் அன்றாட வேலையில் அதற்கு மேல் பெரிதாகக் கூட்டித் தருவதில்லை.

ராம் கதை வேறு. சமையல் மேடையில் இடமில்லாவிட்டால் பாத்திரங்களைப் பரணில் ஏற்றி இறக்கிக்கொண்டே சமைக்க வேண்டியிருக்கும். அதுபோல, ராம் நிறைந்ததும் கணினி மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி, பிறகு திரும்ப எடுக்கிறது. 4 ஜிபியில் விண்டோஸையும், குரோமில் பத்து டேபையும் திறந்தாலே இது தொடங்கிவிடும். 8 ஜிபி இன்று நிம்மதியான அளவு. 16 ஜிபி பலருக்குத் தேவையில்லை. ஒன்றுக்கு மட்டுமே காசு இருந்தால் யோசிக்காமல் எஸ்எஸ்டி வாங்குங்கள். எஸ்எஸ்டி இருக்கும் கணினி ராம் குறைவைச் சகித்துக்கொள்ளும். ஹார்டு டிஸ்க் கணினிக்கு 16 ஜிபி போட்டாலும் ஆன் செய்ததும் காத்திருக்கத்தான் வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன்

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைச் சொடுக்குங்கள். எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அங்கேயே தெரியும். ஆனால் போர்டிலேயே பற்றவைத்த ராமையும் சில மாடல்கள் ஸ்லாட் என்றே கணக்குக் காட்டும். எனவே மாடல் எண்ணைப் போட்டு, தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலைத் தேடிப் படித்துவிடுங்கள். ஆப்பிள் 2012இல் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ராமைப் பற்றவைத்தது. இன்று மெல்லிய லேப்டாப்புகளில் அது சர்வசாதாரணம். அவற்றில் ராமைக் கூட்ட வழியில்லை.

டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ராம் ரகங்கள் இரண்டிலும் நடுவெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிப் பொருத்த முடியாது. சிக்கல் டிடிஆர்3க்கும் டிடிஆர்3எல்லுக்கும் நடுவில்தான். இரண்டும் ஒரே வடிவம், முன்னதற்கு 1.5 வோல்ட், பின்னதற்கு 1.35 வோல்ட். 2013க்குப் பிறகு வந்த பல இன்டெல் லேப்டாப்புகள் 1.35 வோல்ட்டை மட்டுமே தரும். அவற்றில் சாதாரண டிடிஆர்3 உட்காரும், ஆனால் கணினி எழாது. சந்தேகம் இருந்தால் டிடிஆர்3எல் வாங்குங்கள். பெரும்பாலும் அது இரண்டு வோல்ட்டிலும் ஓடும். இன்னொன்று: உங்களிடம் இருப்பது 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போடும் ராம் வீண்தான். 64 பிட்டுக்கு மாறிய பிறகே பலன் தெரியும்.

பழைய லேப்டாப்பில் இருப்பது 2.5 அங்குல டிஸ்க் என்றால் கவலையில்லை, எந்த 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியும் பொருந்தும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், புதியது 7 மில்லிமீட்டர் என்பதால் ஆடினால், ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் சரியாகிவிடும். நீளமான சூயிங்கம் வடிவிலான எம்.2 எஸ்எஸ்டி வாங்குபவர்களுக்குத்தான் எச்சரிக்கை: அதே வடிவத்தில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வேறு இணைப்பு முறைகள் உண்டு. பொருந்துகிறது என்பதால் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. மேனுவலைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

சென்னைக்காரர்களுக்கு அண்ணா சாலை அருகே ரிச்சி தெரு இருக்கிறது. பழைய ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது. ராமை செகண்ட் ஹேண்டாக வாங்கலாம், சோதித்துத் தரச் சொன்னால் போதும். எஸ்எஸ்டியை அப்படி வாங்காதீர்கள். எழுத எழுத அதன் சிப் தேயும். மேலே பார்த்து வயதைச் சொல்ல முடியாது.

மூடியைத் திறக்கும்போது

முதல் வேலை, முக்கியக் கோப்புகளை வெளியே ஒரு டிரைவில் நகலெடுப்பது. பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, அதன் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஷட் டவுன், சார்ஜர் நீக்கம், பேட்டரி நீக்கம். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல்களில் மூடியைத் திறந்தவுடன் முதலில் அதன் கனெக்டரை விடுவிக்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். அதை அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றியதை அந்தந்த இடத்திலேயே வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் துளையில் முறுக்கினால் மேல்பக்கத்தைத் துளைத்துவிடும். மூடி வரவில்லையென்றால் பலத்தைக் காட்டாதீர்கள். ரப்பர் காலுக்கு அடியிலோ ஸ்டிக்கருக்கு அடியிலோ இன்னொரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். உள்ளே கை வைக்கும் முன் ஒரு உலோகப் பொருளைத் தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

ராமை ஸ்லாட்டில் சாய்வாக, தங்க நிறப் பட்டை முழுவதும் மறையும்வரை செருகி, பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கிகளும் ‘கிளிக்’ என்று பிடிக்கும். முதல் முறை ஆன் செய்யும்போது திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருந்தால் பதறாதீர்கள். புது மெமரியைக் கணினி அளந்துகொண்டிருக்கலாம். அப்படியும் எழவில்லையென்றால் ராமைக் கழற்றி, தங்கப் பட்டையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்துத் தூசு நீக்கி மறுபடி செருகுங்கள். கடைக்காரர்களும் முதலில் செய்வது இதைத்தான்.

எஸ்எஸ்டியில் பழைய விண்டோஸை அப்படியே நகலெடுப்பதைவிட, பென் டிரைவிலிருந்து புதிதாக நிறுவுவதே என் பரிந்துரை. பல ஆண்டுக் குப்பை கூடவே வராது. முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 என்றால் அதன் உரிமம் மதர்போர்டோடு பிணைந்திருக்கும். டிஸ்க் மாற்றியதற்காக மறுபடி வாங்க வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது; விண்டோஸ் 11ஓ அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள். இலவசம், 4 ஜிபியில் நன்றாக ஓடும், தமிழில் தட்டச்சும் செய்யலாம்.

எல்லாக் கணினியும் மீளாது. 32 ஜிபி சேமிப்பைப் போர்டில் பற்றவைத்த ஆட்டம் பிராசஸர் லேப்டாப், கீல் உடைந்து திரையும் போனது, இவற்றில் பணம் போட வேண்டாம்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கை உடனே அழிக்கவும் வேண்டாம், பழைய இரும்புக்குக் கொடுக்கவும் வேண்டாம். ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள். விட்டுப்போன கோப்பு ஏதாவது நினைவுக்கு வரும். பிறகு ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டுக் குடும்பப் புகைப்படங்களின் இன்னொரு நகலுக்குப் பயன்படுத்துங்கள். விற்பதாக இருந்தால் வெறும் டெலீட் போதாது, முழுமையாக அழித்த பிறகே கைமாற்றுங்கள்.