காரைப் பதிக்கலாம், பின்சீற்றில் இருப்பவரை மறக்காமல்

கடந்த மாதம் சித்தப்பாவைக் கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்ல வேண்டியிருந்தது. 2009இல் பட்ட செல் துண்டு ஒன்று அவருடைய முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இன்னும் கிடக்கிறது. எடுப்பதைவிட விடுவது நல்லது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். வழமையாக பஸ்ஸில்தான் போவார். இந்தமுறை மகன் கார் வாங்கியிருந்தான். பழைய ஜப்பான் கார்தான். என்றாலும் அந்த வீட்டின் முதல் கார்.

வாங்கிய கையோடு அதை ஒரு கராஜில் கொடுத்துப் பதித்தும் இருந்தான். ரயருக்கும் மேலே உள்ள வளைவுக்கும் இடையில் இரண்டு விரல்கூடப் போகாது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டு ஒழுங்கையின் கிரவலைத் தாண்டுவதற்குள்ளேயே சித்தப்பா முன்சீற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஏ9 வீதி காபெற் போட்ட வீதி. அதிலும் பாலங்களின் பொருத்துகளில் கார் இடித்தது. ஆனையிறவு தாண்டியதும் அவர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, கோவிக்காதை. என்னை இறக்கி விடு. நான் பஸ்ஸிலயே வாறன்."

மகன் ஒன்றும் பேசவில்லை. நானும் சித்தப்பாவோடு இறங்கி பஸ் ஏறினேன். அவன் பின்னால் தனியாகக் காரை ஓட்டி வந்தான்.

இளம்பெடியள் காரைப் பதிப்பதைப் பெரியவர்கள் திட்டுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்குத் திட்ட மனம் வரவில்லை. சைக்கிளுக்கே ரியூப் கிடைக்காத காலத்தைக் கடந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். தங்கள் கார் தங்கள் விருப்பப்படி இருக்கவேண்டும் என்று நினைப்பதில் பிழை இல்லை. ஆனால் சித்தப்பாவின் முதுகு ஏன் நொந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். யாழ்ப்பாணத்தில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் பழைய ஒஸ்டின்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களில் அவரும் ஒருவர்.

காரைத் தூக்கிக் கீழே பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "பிள்ளை, கார் பதியிறது பிழையில்லை. சில்லு மேல எழும்ப இடமில்லாமல் போறதுதான் பிழை."

ஸ்பிரிங்கை வெட்டினால் என்ன நடக்கும்?

கிடங்கிலோ கல்லிலோ ஏறும்போது சில்லு மேலே எழும்பவேண்டும். காரின் உடல் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். இந்த வேலையை ஸ்பிரிங் செய்கிறது. அமுங்கிய ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் சொக் அப்சோபர் அடக்குகிறது. சில்லு அளவுக்கு மீறி எழும்பினால் இரும்போடு இரும்பு மோதாமல் இருக்க 'பம்ப் ஸ்ரொப்' என்ற றப்பர்க் கட்டை இருக்கிறது.

சில்லு எழும்ப 80 மில்லிமீற்றர் இடம் உள்ள காரை 50 மில்லிமீற்றர் பதித்தால் மிஞ்சுவது 30 மில்லிமீற்றர். சிறிய கிடங்குக்கே சில்லு பம்ப் ஸ்ரொப்பில் போய் அடிக்கும். அந்த நேரத்தில் காருக்கு ஸ்பிரிங் இருந்தும் இல்லாததுபோலத்தான். அடி நேரே இருக்கைக்கு வரும்.

மகனின் காரில் ஸ்பிரிங்கின் சுற்றுகளை வெட்டியிருந்தார்கள். செலவில்லாத வழி. ஆனால் சுற்றுகள் குறையக் குறைய ஸ்பிரிங் இறுகும். வேலை செய்யும் சுற்றுகள் ஆறு உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது 20 வீதம் இறுகும். இரண்டை வெட்டினால் 50 வீதம். பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்ட சொக் அப்சோபரால் இந்த இறுக்கத்தை அடக்க முடியாது. கார் துள்ளும். சில்லு கீழே தொங்கும்போது கட்டையான ஸ்பிரிங் தன் இடத்தை விட்டு விலகவும் கூடும். காஸ் நெருப்பால் சூடாக்கி ஸ்பிரிங்கை அமுக்குவது இன்னும் மோசம். உருக்கின் பதம் கெட்டு, பிறகு அது முறியலாம்.

மனித உடல் எல்லா அதிர்வையும் ஒரேமாதிரி உணர்வதில்லை. சாதாரண கார் மெத்தென்ற ஸ்பிரிங்கில் செக்கனுக்கு ஒன்று, ஒன்றரைத் தடவை மேலும் கீழும் அசையும். அது உடலுக்குப் பழகிய தாளம். இருந்தபடி போகும் ஒருவருடைய முதுகை அதிகம் வருத்துவது செக்கனுக்கு நான்கு முதல் எட்டுத் தடவை வரும் அதிர்வு. ஸ்பிரிங் இறுக இறுக, அந்த வகை அதிர்வு கூடுதலாக உள்ளே வருகிறது. முதுகில் காயம் உள்ளவருக்கு, மூட்டில் செயற்கைக்கால் உரசுபவருக்கு, இது வெறும் சொகுசுப் பிரச்சினை அல்ல.

பதிப்பதானால் எப்படி?

மெக்கானிக்கிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலில் அளவு. 25 முதல் 30 மில்லிமீற்றர் போதும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். சில்லுக்கும் இடம் மிஞ்சும். வெறும் காரில் அளக்காதீர்கள். வழமையாகப் போகும் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிவிட்டுப் பம்ப் ஸ்ரொப்புக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, அந்த மொடலுக்கென்றே செய்த பதிவான ஸ்பிரிங்கை வாங்குங்கள். சிலவற்றில் சுற்றுகள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும். அவை சிறிய அதிர்வுக்கு மெதுமையாகவும் பெரிய அடிக்கு இறுக்கமாகவும் நிற்கும். எங்கள் வீதிகளுக்கு அது பொருந்தும்.

மூன்றாவது, சொக் அப்சோபரை விட்டுவிடாதீர்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கும்வரை பழைய கார்களே கைமாறி ஓடின. பல கார்களில் சொக் அப்சோபர் ஏற்கனவே எண்ணெய் கசிந்து களைத்துப்போயிருக்கிறது. புதிய ஸ்பிரிங்குக்குப் பொருத்தமானதாக, சோடியாக மாற்றவேண்டும். இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையை வாங்கினால் மெதுமையான பக்கத்தில் இருந்து தொடங்குங்கள்.

நான்காவது, பலர் விடும் பிழை ஒன்று. கார் அந்தரத்தில் இருக்கும்போது கைகளின் புஷ் ஆணிகளை இறுக்கிவிடுகிறார்கள். பிறகு கார் கீழே இறங்கியதும் றப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும். ஓட்டமும் இறுகும், புஷ்ஷும் கெதியில் கிழியும். காரின் பாரம் சில்லுகளில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்கவேண்டும்.

ஐந்தாவது, வேலை முடிந்ததும் சில்லுகளின் எலைன்மன்ற் பார்க்கவேண்டும். கார் பதிந்தால் சில்லின் சாய்வும் திசையும் மாறும். பார்க்காமல் விட்டால் ரயரின் உட்பக்கம் தேயும். முன்விளக்குகளின் ஒளி எங்கே விழுகிறது என்பதையும் சரிபாருங்கள்.

கடைசியாக, ரயர். ரயரின் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். 185/65 ரயரின் பக்கச்சுவர் ஏறத்தாழ 120 மில்லிமீற்றர். 195/50 ரயரில் அது 97 மில்லிமீற்றர்தான். காரையும் பதித்து, மெல்லிய ரயரையும் போட்டால் இரண்டு பக்கமும் இழப்பு.

வேலை தொடங்கமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

தட்டுப்பாட்டுக் காலத்தில் வெட்டியும் ஒட்டியும் எதையும் ஓடவைத்த கைகள் எங்களுடையவை. அந்தக் கெட்டித்தனம் அன்று உயிர் காத்தது. இன்று சரியான பாகத்தை, கொஞ்சம் காசு சேர்த்தாவது வாங்கிப் போடலாம். மகன் அதைத்தான் செய்தான். கிடைத்த சம்பளத்தில் முதலில் ஸ்பிரிங், அடுத்த மாதம் சொக் அப்சோபர். கார் இப்போதும் பதிவாகத்தான் நிற்கிறது, முன்னைப்போல் அவ்வளவு இல்லை.

போன கிழமை சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு பரந்தன் வரை ஓடிப்பார்த்தோம். திரும்பி வந்து இறங்கியதும் மகன் அவருடைய முகத்தைப் பார்த்தான்.

"பஸ்ஸை விடப் பரவாயில்லை" என்றார் சித்தப்பா. அடுத்த கிளினிக்குக்குக் காரில்தான் போகிறோம்.