கறிவேப்பிலை மரமும் ஆரஞ்சுத் தோட்டமும்

உயிரியல் தொழில்நுட்பம் என்று தலைப்புக் கொடுத்தால் படிவம் 5 மாணவர்கள் பலர் டோலி ஆட்டைத்தான் எழுதுகிறீர்கள். திருத்துகிற எங்களுக்கும் அலுத்துப் போச்சு. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ வீட்டு வாசலில் நிற்கும் கறிவேப்பிலையிலிருந்து தொடங்கிப் பாருங்களேன்.

கறிவேப்பிலை, எலுமிச்சை, லீமாவ் கஸ்தூரி, ஆரஞ்சு எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இவற்றின் இளந்தளிரில் சைலிட் என்னும் பூச்சி முட்டையிடும். 3, 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும். நோயுற்ற ஆரஞ்சு மரத்தின் சாற்றை உறிஞ்சி, பாக்டீரியாவை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோவது இதுதான். நோயின் பெயர் ஹுவாங்லோங்பிங். பழம் கோணலாகி, பச்சையாகவே நின்றுவிடுவதால் 'பசுமையாதல் நோய்' என்றும் சொல்வார்கள். மரத்தை முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை. தெரெங்கானுவின் லீமாவ் மாடு தோட்டங்களையும் இது விடவில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் 2005இல் தென்பட்டது. அங்கே 2003-04இல் சுமார் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது, 2022-23இல் 1.6 கோடிதான். புயல்களுக்கும் இதில் பங்கு உண்டு.

இலை மஞ்சளானால் இந்த நோய்தானா? துத்தநாகச் சத்து குறைந்தாலும் மஞ்சளாகும். ஆனால் அப்போது நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்; நோயில் திட்டுகள் பக்கத்துக்குப் பக்கம் மாறும். கண் சொல்வது இவ்வளவுதான். பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்துப் பார்க்கலாம் என்றால், அது தனியாக வளர மறுக்கிறது. ஆகவே அதன் டி.என்.ஏ.வைத் தேட வேண்டியிருக்கிறது.

இளங்கலை மாணவருக்கு இது நல்ல பயிற்சிக்களம். 1931இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கி இன்று புத்ரா பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் செர்டாங் நம் பக்கத்தில்தானே இருக்கிறது! இத்துறைக்குப் போகிறவர் இலையின் நடுநரம்பை அரைத்து, டி.என்.ஏ. பிரித்து, பாலிமரேஸ் தொடர்வினையால் பெருக்கிப் பார்க்கப் பழக வேண்டும். கை பழக நாளாகும். இலையிலுள்ள பீனால் பொருள்கள் கலந்துவிட்டால் வினையே நடக்காது. பாக்டீரியாவும் மரம் முழுதும் சமமாகப் பரவியிருக்காது. ஒரு கிளையில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. எனவே 'இல்லை' என்று முடிவு வந்தால் உடனே நம்பிவிடக் கூடாது. நோயுள்ளது என ஏற்கெனவே உறுதியான மாதிரியையும் வெறும் நீரையும் கூடவே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எழுதும்போது ஒன்று கவனிங்க: எல்லாவற்றையும் 'கிருமி' என்று எழுதாதீர்கள். இது பாக்டீரியா, நச்சுயிரி அல்ல.

வீட்டில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் லீமாவ் கஸ்தூரித் தொட்டி இருந்தால், புதுத்தளிர் விடும்போது இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். பூச்சி இருந்தால், அந்தக் கன்றைப் பத்தாங் காலியிலோ ஈப்போவிலோ இருக்கும் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.