பெரிய கோயில் வாசலில் அகழி எதற்கு? பீரங்கிக்கு அசையாத தஞ்சைக் கோட்டை பசிக்குத் தடுமாறிய கதை

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போறவங்க கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கிட்டே உள்ளே நுழைவாங்க. வாசலுக்கு முன்னாடி ஒரு அகழியைத் தாண்டித்தான் வந்தோம் என்பது பலருக்கு நினைவிருக்காது. அந்த அகழியும், அதை ஒட்டிய உயரமான மதிலும் ராஜராஜ சோழன் கட்டியவை இல்லை. கோயிலுக்கு அப்புறம் 500 வருஷத்துக்கும் மேல் கழித்து வந்தவை.

16ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிய சேவப்ப நாயக்கர், கோயிலையும் சிவகங்கைக் குளத்தையும் உள்ளே வைத்து ஒரு கோட்டை கட்டினார். அதுதான் சின்னக் கோட்டை. அரண்மனையும் நாலு ராஜ வீதிகளும் இருந்த பெரிய கோட்டை அதன் பக்கத்திலேயே எழுந்தது. நாயக்கர்களுக்குப் பிறகு 1670-களில் வந்த மராட்டியர்களுக்கும் இதுதான் தலைநகர்.

மண்ணுக்கு என்ன பலம்?

காவிரி வண்டல் பூமியில் பாறை கிடையாது. பெரிய கோயிலுக்கான கருங்கல்லே வெளியூரிலிருந்து வந்ததுதான். ஆனால் மண்ணுக்கும் தண்ணிக்கும் பஞ்சமில்லை. அகழி தோண்டினால் மண் கிடைக்கும். அந்த மண்ணை மதிலுக்குப் பின்னால் கொட்டி இறுக்கினால் மேடாகிவிடும்.

வெறும் கல் சுவரில் குண்டு விழுந்தால் கல் தெறிக்கும், சுவர் சரியும். மண் மேட்டில் விழும் குண்டு உள்ளேயே புதைந்துவிடும். அதனால் எதிரி ஒரே இடத்தில் நாள் கணக்கில் சுட்டு உடைப்பு ஏற்படுத்த வேண்டும். பிறகு பதுங்குகுழி வெட்டிக்கொண்டே கிட்ட வந்து, அகழியைத் தூர்த்து வழி போட வேண்டும். இதற்கெல்லாம் பல வாரம் ஆகும். கோட்டை சம்பாதித்துக் கொடுப்பது அந்த நாட்களைத்தான்.

அந்த நாட்களைப் பயன்படுத்துவதில் மராட்டிய மன்னர் பிரதாப சிங் கில்லாடி. 1749 கடைசியில் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் வந்து சூழ்ந்தபோது, 70 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் உடனே கொடுத்தாரா? ஒருநாள் வெள்ளிப் பாத்திரங்களை அனுப்பி விலைக்குப் பேரம் பேச வைத்தார். இன்னொரு நாள் செல்லாத பழைய காசு. அப்புறம் நகை, ரத்தினம். மதிப்புப் போட்டு முடிப்பதற்குள் நாசிர் ஜங் பெரும்படையோடு வரும் சேதி வர, முற்றுகையே கலைந்தது.

அந்தப் பாக்கி 1758-ல் திரும்பி வந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் 56 லட்சத்துக்கான பழைய பத்திரம் இருந்தது, ஆனால் படைக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை. வரும் வழியில் கீழ்வேளூர் கோயிலில் புதையல் தேடிக் குளத்தையே கிளறினார்கள், எதுவும் சிக்கவில்லை. ஆகஸ்ட் 2-ல் தஞ்சை மதில் மீது பீரங்கிகள் முழங்கின. ஒரு வாரத்தில் உடைப்பும் விழுந்தது. அதற்குள் வெடிமருந்து தீரும் நிலை. கடலில் பிரெஞ்சுக் கப்பற்படை ஆங்கிலேயர்களிடம் அடிவாங்கிய சேதியும் வர, லாலி பாதியிலேயே திரும்பினார்.

நடுப்பகலில் விழுந்த கோட்டை

கோட்டை கடைசியில் விழுந்தது 1773-ல், துளஜா மன்னர் காலத்தில். ஆற்காடு நவாப் முகமது அலிக்காக கிழக்கிந்திய கம்பெனி படை வந்தது, தளபதி ஜோசப் ஸ்மித். செப்டம்பர் 16-ல் அகழிக்குக் குறுக்கே 12 அடி அகலத்துக்கு வழி போட்டுவிட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் தாக்குவார்கள் என்று உள்ளே இருந்தவர்கள் விழித்துக் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. உச்சி வெயிலில் அசந்துபோய் ஓய்வெடுக்கப் போன நேரத்தில் கம்பெனிக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். பெரிய சண்டையே நடக்கவில்லை. மன்னர் குடும்பத்தோடு சிறைப்பட்டார்.

1776-ல் சென்னை கவர்னர் பிகட் நேரில் வந்து துளஜாவை மறுபடி அரியணையில் உட்கார வைத்தார். அதை ஒட்டிய பணத் தகராறில் பிகட்டை அவருடைய சபை உறுப்பினர்களே கைது செய்ய, அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்துபோனார்.

மதில் நின்றது, ஊர் பட்டினி கிடந்தது

1781-ல் ஐதர் அலியின் படை டெல்டாவுக்குள் புகுந்தது. தலைநகரைத் தவிர கிட்டத்தட்ட எல்லாமே அவர் கையில். கோட்டை தப்பியது. ஆனால் தஞ்சையின் செல்வம் மதிலுக்கு உள்ளேயா இருந்தது? வயலில்தானே! கால்நடைகள் போயின, சனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள். டெல்டாவில் 'ஐதர் கலாபம்' என்ற சொல் தலைமுறைகள் தாண்டிப் புழங்கியது இதனால்தான்.

அந்த ஆண்டுகளில் கோட்டைக்குள் மக்கள் பசியால் தெருவில் செத்து விழுந்தார்கள். இத்தனைக்கும் வெளியே நெல் இருந்தது. அதைச் சுமந்து வர மாடுகள்தான் கிடைக்கவில்லை. அரண்மனை ஆட்கள் மாட்டை வாங்கிக்கொண்டு கூலி தர மாட்டார்கள் என்பது குடியானவர்களுக்கு அனுபவப் பாடம். தஞ்சையில் இருந்த ஜெர்மன் பாதிரியார் ஷ்வார்ட்ஸ், "கூலிக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி அனுப்பிய பிறகுதான் நிலைமை மாறியது. இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் சேர்ந்தன, 80,000 கலம் தானியம் உள்ளே வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பீரங்கிகளைத் தாங்கிய கோட்டையைக் காப்பாற்றியது கடைசியில் ஒரு வாக்கு!

1799 ஒப்பந்தத்தில் இரண்டாம் சரபோஜி நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனியிடம் கொடுத்தார். அவருக்கு மிஞ்சியது இந்தக் கோட்டையும் சுற்றுப்புறமும். 1855-ல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் அதுவும் போனது.

இப்போ என்ன இருக்கு?

சின்னக் கோட்டை மதில், கோயிலோடு சேர்ந்து நிற்கிறது. பெரிய கோட்டையின் பெரும்பகுதி இடிபட்டுவிட்டது. அகழியின் பல இடங்கள் தூர்ந்து, மேட்டிலும் பள்ளத்திலும் வீடுகள் வந்தன. அங்கே தலைமுறையாகக் குடியிருந்தவர்களை அகற்றியது ஊரில் இன்னும் பேசப்படும் விவகாரம். கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டில், ரகுநாத நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கி கிடக்கிறது. சுமார் 25 அடி நீளம், 22 டன் எடை.

கீழ அலங்கம், மேல அலங்கம், வடக்கு அலங்கம் என்று தஞ்சாவூர்க்காரர்கள் தினமும் விலாசம் சொல்கிறார்களே, அந்த 'அலங்கம்' என்ற சொல்லுக்குப் பொருளே கோட்டைக் கொத்தளம்தான்.