வாசலில் ஒரு பசுந்தோரணம்

மேலை நாடுகளில் இலையுதிர்க் காலம் வந்ததும், சிவந்து உதிர்ந்த இலைகளையும் பூசணிக்காய்களையும் கொண்டு வீட்டு வாசலை அழகுபடுத்துவர். நம் சித்தூர், திருப்பதிப் பகுதிகளிலோ அதே பருவத்தில் மரங்கள் மழை கண்டு தழைக்கின்றன. ஆகவே, புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நம் வீடுகளுக்கு அலங்காரம் பச்சை இலையே. திருமலையில் பிரம்மோற்சவமும் இல்லங்களில் நவராத்திரிக் கொலுவும் நடைபெறும் நாட்களில் தோரணமில்லாத நிலைவாசலைக் காண்பது அரிது.

எனினும், அத்தோரணங்களுள் பல இன்று பிளாஸ்டிக்கால் ஆனவை. ஒரு முறை வாங்கினால் பல ஆண்டுகள் வாடாது என்பதே அவற்றின் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. எங்கள் இல்லத்திலும் அவ்வாறு எண்ணியே ஒன்றை வாங்கினோம்.

உண்மையில் மாவிலைத் தோரணம் செய்வது மிக எளிது. மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்ற இம்மண்ணில் இலைக்குப் பஞ்சமில்லை. மூன்றடி அகல வாசலுக்கு, ஒரே அளவுள்ள முற்றிய இலைகள் 21, நான்கரை அடி சணல் கயிறு, சில ஈர்க்குச்சிகள் ஆகியவை போதும். இலைகளைக் கழுவித் துடைத்து, காம்புப் பகுதியைக் கயிற்றின் மேலாக மடித்து, மடிப்பின் கீழே ஈர்க்குத் துண்டால் குத்திப் பிணைக்க வேண்டும். இடையிடையே செண்டுமல்லிப் பூக்களைக் கோத்துத் தொங்கவிடலாம். மாவிலை தடித்தது, காய்ந்தாலும் எளிதில் உதிராது. பூக்களை மட்டும் அவ்வப்போது மாற்றினால் ஒன்பது நாட்களும் வாசல் பொலிவுடன் விளங்கும். விழா முடிந்தபின் எருக்குழியில் இட்டுவிடலாம்.

தென்னங்குருத்தோலைக்குச் சற்றுப் பழக்கம் வேண்டும். ஓலையை ஈர்க்கிலிருந்து பிரித்து, அதன் ஓரத்தை விரற்கடை இடைவெளியில் கத்தரித்து, ஒவ்வொரு துண்டையும் உள்நோக்கி மடித்துச் செருகினால் வரிசையான கண்ணிகள் தோன்றும். இதில் தேர்ந்தவர்கள் அதே ஓலையில் கிளியும் முடைவர்.

நாங்கள் சித்தூரில் வசித்த காலத்தில் எங்கள் தாயார் ஆண்டுதோறும் அத்தகைய கிளிகளை முடைந்து கொலுப்படியின் ஓரத்தில் தொங்கவிடுவார். பணி மாற்றலாகித் திருப்பதிக்கு வந்தபின், பிளாஸ்டிக் தோரணம் இருந்தமையால் ஓலைக்குத் தேவை எழவில்லை. கடந்த நவராத்திரியில் எங்கள் மகள், பாட்டியிடம் கிளி செய்து தருமாறு கேட்டாள். தாயார் ஓலையைக் கையில் எடுத்தார். மூன்றாம் மடிப்புக்குப் பின் விரல்கள் நின்றுவிட்டன. "கை மறந்துவிட்டது" என்றார். இரண்டு நாட்களில் பன்னிரண்டு ஓலைகள் வீணாயின. அதன் பின்னரே, அலகு சற்றுக் கோணலாக ஒரு கிளி உருவாயிற்று. அருகிலிருந்து மகளும் கற்றுக்கொண்டாள். வாலுக்கான மடிப்பு மட்டும் தாயாரின் நினைவுக்கு வரவேயில்லை. மகள் ஓர் ஓலைக்கீற்றைக் கட்டி வாலாக்கினாள். அம்மடிப்பு எங்கள் குடும்பத்தை விட்டுப் போய்விட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலுள்ள கிளியை வாசகர்கள் அறிந்திருப்பர். இலைகளால் ஆன உடலும் மாதுளம்பூ அலகும் கொண்ட அக்கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. திருமலை பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் கருட சேவைக்காக, ஆண்டாள் சூடிக்களைந்த மாலையுடன் அத்தகைய கிளியும் அங்கிருந்து வருகிறது. இலைக்கிளி வாடிவிடுவதாலேயே அதை நாளும் செய்ய வேண்டியுள்ளது. நாளும் செய்வதாலேயே அத்திறன் தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது. வாடாத தோரணத்தை வாங்கிய நாங்களோ சில ஆண்டுகளிலேயே அத்திறனை இழக்கத் தொடங்கினோம்.

வங்கியில், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளரின் பரிவர்த்தனை எதுவும் நிகழாத சேமிப்புக் கணக்கு, செயல்படாக் கணக்காகக் கருதப்படுகிறது. அடையாளச் சான்றுகளை அளித்து அதனை மீண்டும் செயல்படுத்திக்கொள்ளலாம். கைத்திறனுக்கு அத்தகைய வசதி இல்லை. எனவே, இவ்வாண்டு தோரணம் கட்டும்போது வீட்டிலுள்ள மூத்தவரை அருகே அமர்த்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கையிலும் ஓர் ஓலையைக் கொடுங்கள்.