கொண்டை ஊசியில் 26 பாகை

றம்பொடை மலையில் பஸ் வளைவு எடுக்கும்போது, நின்றுகொண்டு வருகிறவர்களைக் கவனியுங்கள். வளைவு இடப்பக்கம் என்றால் எல்லோரும் வலப்பக்கம் சாய்வார்கள். கம்பியைப் பிடிக்காதவர் பக்கத்து ஆள்மேல் விழுவார். அந்த பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளும் அதே வளைவில் வருகிறது. ஓட்டுபவர் வண்டியோடு சேர்ந்து வளைவின் உட்பக்கம் நன்றாகச் சரிந்திருக்கிறார். ஆனால் அவரை எதுவும் பக்கவாட்டில் தள்ளவில்லை. பின்னால் இருப்பவரின் மடியிலுள்ள மரக்கறிப் பை கூட நழுவாமல் இருக்கிறது.

வளைவில் போகும் உடம்பின்மேல் இரண்டு இழுப்புகள் உண்டு. ஒன்று கீழே இழுக்கும் புவியீர்ப்பு. மற்றது, வளைவின் வெளிப்பக்கம் தள்ளுவதாக நமக்குத் தெரியும் விசை. பஸ்ஸின் தளம் சரிவதில்லை. அதனால் இரண்டாவது விசை உடம்பைக் குறுக்கே பிடித்துத் தள்ளுகிறது. மோட்டார் சைக்கிள் சரிந்துவிடுகிறது. எவ்வளவு சரிந்தால் இரண்டு விசைகளும் சேர்ந்து முதுகெலும்பின் வழியாக நேராக டயருக்கு இறங்குமோ, சரியாக அவ்வளவு சரிகிறது.

நம் உட்காதில் நிலையறியும் உறுப்பு ஒன்று இருக்கிறது. புவியீர்ப்பு எது, வேகமாற்றத்தால் வரும் விசை எது என்று அதனால் பிரித்தறிய முடியாது. இரண்டும் சேர்ந்து எந்தத் திசையில் வருகிறதோ அதைத்தான் 'கீழ்' என்று மூளைக்குச் சொல்லும். ஆகவே வளைவில் சரிந்திருக்கும்போது உட்காது, "நீ நேராகத்தான் இருக்கிறாய்" என்கிறது. கண்ணோ, எதிரே உள்ள தேயிலை மலை முழுவதும் சரிந்து நிற்பதைக் காட்டுகிறது. உடம்பும் ஆசனத்தில் சற்றுக் கூடுதலாக அழுந்துகிறது. 26 பாகை சாய்வில் எடை பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடியதுபோல் தெரியும். உலகம் சாய்ந்திருக்க, நாம் நிமிர்ந்திருக்கிறோம். மோட்டார் சைக்கிள் ஓட்டும் சந்தோஷத்தின் வேர் வேகத்தில் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அது இந்தச் சாய்வில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தச் சந்தோஷத்தை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள், அனுபவமுள்ள 50க்கு மேற்பட்ட ஓட்டுநர்களை 20 நிமிடம் ஓட்டச் சொல்லிப் பரிசோதித்தார்கள். இதயத் துடிப்பு 11 சதவீதமும் அட்ரினலின் 27 சதவீதமும் கூடியிருந்தன. மன அழுத்தத்தைக் காட்டும் ஹோர்மோன் அளவு ஒன்று 28 சதவீதம் குறைந்திருந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஹார்லி டேவிட்சன் நிறுவனம் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

சாய்வின் அளவை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வேகத்தின் வர்க்கம், வளைவின் ஆரை. வேகம் இரண்டு மடங்கானால் வெளிப்பக்கம் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வளைவு இறுக்கமாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே அதிகம் சரிய வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் அருமையான உண்மை வெளிவருகிறது. 100 மீற்றர் ஆரையுள்ள அகன்ற வளைவில் மணிக்கு 80 கிலோமீற்றரில் போகிறவர் ஏறத்தாழ 26 பாகை சரிகிறார். நம் மலைப்பாதைகளில் உள்ளதுபோன்ற, 10 மீற்றர் ஆரையுள்ள கொண்டை ஊசி வளைவில் அதே 26 பாகை சாய்வுக்கு மணிக்கு 25 கிலோமீற்றரே போதும். உட்காது சொல்வது ஒன்றுதான், கண் காண்பது ஒன்றுதான், ஆசனத்தில் அழுந்துவதும் ஒன்றுதான். ஆனால் 80இல் போகும் வண்டியிடம் உள்ள இயக்கச் சக்தி, 25இல் போகும் வண்டியிடம் உள்ளதைப் போலப் பத்து மடங்கு. விழுந்தால் எலும்பை முறிப்பது அந்தச் சக்திதான். கொழும்பு நெடுஞ்சாலையில் பத்துப் பங்கு ஆபத்தான சக்தியோடு கிடைப்பதை நம் மலை ஒரு பங்கில் தருகிறது. தலவாக்கலையிலோ பூண்டுலோயாவிலோ வேகத்தைத் தேடுகிற இளைஞனிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

வண்டி எப்படிச் சரிகிறது என்பது இன்னும் வியப்பு. சைக்கிளைக் கவனித்து இதைப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர், விமானம் செய்த வில்பர் ரைட். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஓட்டுபவர் முதலில் ஹேண்டிலை ஒரு கணம் இடப்பக்கம் திருப்புகிறார். சில்லு இடப்பக்கம் நகர, உடம்பு வலப்பக்கம் சரிகிறது. பிறகுதான் ஹேண்டில் வலப்பக்கம் திரும்புகிறது. தினமும் ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் தாங்கள் அப்படிச் செய்வதே இல்லை என்பார்கள். கை அறிந்ததை மனம் அறிவதில்லை. இருசக்கர வண்டி ஏன் விழாமல் ஓடுகிறது என்பதும் இன்று வரை முழுதாகத் தீராத கேள்வி. சுழலும் சில்லுகளின் விசைதான் காரணம் என்று பாடப் புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன. 2011இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்க ஆய்வாளர்களும் அந்த விசையை நீக்கி ஒரு வண்டியைச் செய்தார்கள். தள்ளிவிட்டதும் அது ஆளில்லாமலே நிமிர்ந்து ஓடியது.

இனி மறுபக்கம். சரிந்த வண்டியை வளைவுக்குள் பிடித்து வைத்திருப்பது, இரண்டு டயர்களும் சேர்ந்து உள்ளங்கை அளவில் பாதையைத் தொடும் இடம் மட்டுமே. சாய்வதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் அந்த ஒரே பிடிமானத்தில் இருந்துதான் பங்கு எடுக்க வேண்டும். காய்ந்த தார்ப் பாதையில், 10 மீற்றர் வளைவை மணிக்கு 32 கிலோமீற்றர் வரை எடுக்கப் பிடிமானம் உண்டு. ஈரமானால் அந்த எல்லை 22க்கு இறங்கும். சற்றுமுன் சொன்ன 25கூட ஈரத்தில் கூடுதல்தான். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வட்டவளையில் ஈரமில்லாத வளைவு எத்தனை நாள் கிடைக்கும்? அதன்மேல் தோட்டத்துச் சரிவில் இருந்து கழுவி வந்த மண், உதிர்ந்த இலை, லொறியில் இருந்து ஒழுகிய டீசல். மழை பெய்யத் தொடங்கும் முதல் சில நிமிடங்கள் மிக மோசம். பாதையில் படிந்த எண்ணெய் அப்போதுதான் மிதக்கும்.

சந்தோஷம் தந்த அதே உட்காது இங்கே கைவிட்டுவிடுகிறது. பஸ்ஸில் உடம்பு பக்கவாட்டில் தள்ளப்படும்போது, வேகம் அதிகம் என்று உடனே தெரிகிறது. மோட்டார் சைக்கிளிலோ டயர் வழுக்கும் அந்தக் கணம் வரை "நேராக இருக்கிறாய்" என்ற செய்திதான் வந்துகொண்டிருக்கும். உடம்பு எச்சரிக்காது. பாதையைக் கண்ணால் வாசித்து அறிவால் மட்டுமே எல்லையைக் கணிக்க முடியும். சரிந்தபின் பயந்து பிரேக்கை அழுத்துகிறவர், ஏற்கெனவே செலவாகிவிட்ட பிடிமானத்தைத் திரும்பக் கேட்கிறார். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடிக்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

பலர் யோசிக்காத இன்னோர் ஆபத்தும் சாய்வில் உண்டு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். வலப்பக்க வளைவில் சரியும்போது, 26 பாகையில், ஓட்டுபவரின் தலை டயரைவிட ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் வலப்பக்கம் போயிருக்கும். டயர் நடுக்கோட்டுக்கு 30 சென்ரிமீற்றர் உள்ளே ஒழுங்காக ஓடினாலும் தலை எதிர்ப்பக்கத்துப் பாதைக்குள் 40 சென்ரிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வருவதோ திரும்ப முழுப் பாதையும் வேண்டிய பஸ்.

ஹட்டன், கொட்டகலைப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் கணக்கு இன்னும் இறுகும். 100 மீற்றருக்கு 8 மீற்றர் இறங்கும் ஈரப் பாதையில் 50இல் வருகிறவர், ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு செக்கன் எடுத்தால், நிற்பதற்குள் 45 மீற்றர் போய்விடுவார். பனியில் 30 மீற்றர்தான் தெரிகிறது என்று வையுங்கள். எதிரே வரும் வாகனமும் நிற்க வேண்டும். ஆகவே உங்கள் பங்கு 15 மீற்றர். அதற்குள் நிற்க 25க்கு மேல் போகக் கூடாது. 1981இல் வெளிவந்த அமெரிக்காவின் ஹர்ட் அறிக்கை, லொஸ் ஏஞ்சலிஸில் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்துகளில் 900ஐ நேரில் ஆராய்ந்தது. தப்பிக்க ஏதாவது செய்ய ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் பொதுவாக இரண்டு செக்கனுக்கும் குறைவு என்று அது கண்டது.

இறக்கத்தில் பெற்றோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நுவரெலியாவில் இருந்து தலவாக்கலைக்கு ஏறத்தாழ 650 மீற்றர் இறக்கம். இரண்டு பேரும் வண்டியும் சேர்ந்து 240 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி நான்கு லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கியரில் இருந்தால் அதில் ஒரு பெரும்பங்கை எஞ்சின் விழுங்கிவிடும். நியூட்ரலில் அந்தப் பங்கும் பிரேக்கின்மேல் விழுகிறது. சூடேறிய பிரேக் பிடிக்காது. நாம் ஒழுங்காக இறங்கினாலும் மேலிருந்து வருகிறவரின் பிரேக்கும் நம் உயிரோடு சம்பந்தப்பட்டது. 2023 ஜனவரி 20இல் நானுஓயா ரதெல்லப் பாதையில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் இறந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை.

வேகத்தைச் சோதிக்க இடமில்லையா என்றால், இருக்கிறது. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்தகாலத்தில் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. பாதையை மூடி, ஒவ்வொருவராக விட்டு, கடிகாரத்தோடு போட்டியிட வைப்பார்கள். எதிரே பஸ் வராது. அப்படியும் ஆபத்து அடியோடு நீங்காது: 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடம் விலகியதில் 7 பேர் இறந்தார்கள்.

இத்தனை ஆபத்து என்றால் விட்டுவிடலாமே என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். ஒரு காலத்தில் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் சின்னதுரை வருகிறார் என்று தெரிந்துகொள்வார்கள். கொழுந்து பறிக்கும் கைகள் வேகமாகும். இன்று அந்தச் சத்தம் லயத்து வாசலில் கேட்கிறது. தவணை கட்டி வாங்கிய வண்டியில்தான் பிள்ளை ரியூசனுக்குப் போகிறது. பஸ் ஏறாத மேல்பிரிவில் இருந்து நள்ளிரவில் நெஞ்சுவலிக்காரரை டிக்கோயா வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும் அதுதான். துரையின் அடையாளமாக இருந்த ஒன்று தொழிலாளியின் மகனுக்குச் சொந்தமானதை நான் சிறிதாக நினைக்க மாட்டேன். அந்தச் சந்தோஷம் தராசில் ஏற வேண்டும். ஆனால் 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வண்டிகளே திரும்பத் திரும்பக் கைமாறின. தேய்ந்த டயர் ஈரப்பாதையில் நீரை விலக்காது. புது வண்டிக்குக் காசில்லாவிட்டாலும் டயருக்கும் பிரேக் கட்டைக்கும் முதலில் செலவழியுங்கள்.

மிச்சமிருப்பது தலை. 1935 மே மாதம், பிரித்தானிய எழுத்தாளரும் முன்னாள் படை அதிகாரியுமான டி. இ. லோரன்ஸ் இங்கிலாந்தில் தன் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து, நினைவு திரும்பாமல் ஆறு நாளில் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான மூளை அறுவை நிபுணர் ஹியூ கேர்ன்ஸ், அதன்பின் தலைக்காயங்களையும் தலைக்கவசத்தையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1941இல் பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் தூதர்களுக்கு ஹெல்மட்டைக் கட்டாயமாக்கியது. பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ மதிப்பீடு, ஹெல்மட் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகச் சொல்கிறது.

"தோட்டத்துக்குள்ளதானே, மெதுவாத்தானே போறேன்" என்று ஹெல்மட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தாலும், ஒன்றரை மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கும் தலை மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தை அடிக்கும். ஹெல்மட் இல்லாவிட்டால் அந்த வேகம் சில மில்லிமீற்றருக்குள் நிற்கிறது; மூளை மண்டையோட்டில் மோதுகிறது. ஹெல்மட்டின் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு நசுங்கி, அதே வேகத்தை இரண்டு மூன்று சென்ரிமீற்றரில் நிறுத்துகிறது. அந்த இரண்டு சென்ரிமீற்றர்தான் வித்தியாசம். வார் பூட்டாத ஹெல்மட் விழும்போதே கழன்று போகும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மட்டின் நுரைப்பஞ்சு நசுங்கிவிட்டது; வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் அப்பாவுக்கு ஒரு ஹெல்மட் இருக்கிறது, பிள்ளைக்கு இல்லை. அல்லது அண்ணனின் பெரிய ஹெல்மட் பிள்ளையின் தலையில் ஆடிக்கொண்டிருக்கிறது. அடுத்த சம்பளத்துக்கு ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ இறங்கும்போது பிள்ளையையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். போட்டு, வாரைப் பூட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டச் சொல்லிப் பாருங்கள். தலையோடு சேர்ந்து திரும்புவதை வாங்குங்கள். யாராவது விழுந்து கிடப்பதைக் கண்டால் ஹெல்மட்டை இழுத்துக் கழற்றாமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.