மருந்துக் கொள்முதல் கொள்கையும் சிற்றூர் மருத்துவச் சேவையும்

அரசின் கொள்கை முடிவு சிற்றூர் நோயாளியை எவ்வாறு சென்றடைகிறது என்பதற்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தக்க சான்றாகும். 1994இல் நிறுவப்பெற்ற இக்கழகம் மாநிலம் முழுமைக்குமான மருந்துகளை ஒப்பந்தப்புள்ளி வழி மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரச்சோதனைக்குப் பின் கிடங்குகள் வாயிலாக வழங்குகிறது. ஒவ்வொரு மருத்துவ நிலையத்திற்கும் உரிய ஆண்டு ஒதுக்கீடு கணக்குப் புத்தகத்தில் பதியப்பெறும். அவ்வரம்பிற்குள் தேவையான மருந்துகளை அந்நிலையமே கேட்டுப் பெறும்.

2021இல் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவு, உயர் இரத்த அழுத்த நோயாளிகளுக்கு இல்லத்திலேயே மாத்திரை வழங்குகிறது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி போன்ற ஊர்களில் இதனால் மருந்துத் தேவை உயருமாயின், ஒதுக்கீடும் அதற்கேற்ப உயர்தல் வேண்டும். இன்றேல் பணியாளர் வாயில்வரை வருவார்; மாத்திரை வாராது.