காற்றைக் கேட்கிறோம், மழையைக் கேட்கிறோமா?



1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பறந்து சென்ற கூரைகளையும், வரிசை வரிசையாகச் சரிந்து கிடந்த தென்னந்தோப்புகளையும் பற்றியே முதலிற் சொல்வார்கள். 900க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த அனர்த்தத்திற்குப் பெயர்கூட இல்லை. வங்காள விரிகுடாச் சூறாவளிகளுக்குப் பெயரிடும் வழக்கம் 2004இல்தான் தொடங்கிற்று.

அன்று முதல் நம் மனத்தில் ஓர் எண்ணம் பதிந்துவிட்டது: சூறாவளி என்றால் காற்று, காற்று பலமில்லையென்றால் பயமில்லை. இந்த எண்ணத்தைத்தான் இன்று நாம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2024 நவம்பர் 26ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். அன்று கடலில் இருந்தது ஒரு தாழமுக்கம் மாத்திரமே. அது 'ஃபெங்கல்' என்ற பெயர் பெற்ற சூறாவளியாக வளர்ந்தது மூன்று நாட்களுக்குப் பின்னர்தான். நம் ஊரில் மரங்களை முறிக்கும் காற்று வீசவில்லை. ஆயினும் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளம், மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தைப் புரட்டியது. உம்மாவின் கையால் உண்ண வேண்டிய பிள்ளைகளின் ஜனாஸாக்களை நாட்கணக்கில் நீரில் தேடினோம்.

அடுத்த ஆண்டே, 2025 நவம்பர் 28ஆம் திகதி, 'டித்வா' நம் கிழக்குக் கரையை அடைந்தது. காற்றின் வேகத்தைக் கொண்டு அளந்தால் அது வலிமை குன்றிய சூறாவளி. ஆனால் மெதுவாக நகர்ந்து, நாடெங்கும் மழையைக் கொட்டியது. மலையகத்தில் மண் சரிந்தது. நாடு முழுவதும் இறந்தோர் தொகை 600ஐத் தாண்டியது. கடலை ஒருபோதும் பார்த்திராத மலைக்கிராமத்தவரையும் கடற்சூறாவளி கொன்றது.

இதற்குக் காரணம் என்ன? சூறாவளிக்கு உணவு சூடான கடல்நீர். மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 50 மீற்றர் ஆழம்வரை நீர் 26 அல்லது 27 பாகை செல்சியஸாவது சூடேறியிருத்தல் வேண்டும். அந்நீர் ஆவியாகி மேலெழுந்து, குளிர்ந்து, மழைத்துளியாகும்போது தன்னுள் மறைத்து வைத்திருந்த வெப்பத்தை வெளியிடுகிறது. அவ்வெப்பமே சுழலை இயக்குகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் பூமியில் தேங்கும் மேலதிக வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் கடலே உள்வாங்குகிறது. அதாவது, உணவு பெருகிக்கொண்டே போகிறது. வளிமண்டலம் ஒரு பாகை சூடேறினால், ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியை அதனால் தாங்க முடியும். தாங்கியது ஓரிடத்தில் இறங்கியே தீரும்.

ஆனால் மிகைப்படுத்தக் கூடாது. "முன்பெல்லாம் இப்படிப் புயல் வந்ததில்லை" என்று சிலர் கூறுவது சரியன்று. 1964இல் தனுஷ்கோடியை அழித்ததும் இதே கடலின் சூறாவளிதான். உலகில் சூறாவளிகளின் எண்ணிக்கை கூடிவிட்டது என்று அறிஞர்கள் சொல்லவில்லை. அவற்றுள் கடுமையானவற்றின் விகிதம் கூடியிருக்கிறது, மழை கூடுகிறது, மட்டம் உயர்ந்துவிட்ட கடலின் மேல் எழும் அலை மேலும் உள்ளே வருகிறது என்பதே அவர்களின் கூற்று. சில சூறாவளிகள் திடீரென வலுப்பெறுவதையும் காண்கிறோம். 2020 மே மாதம் 'அம்பன்' இரண்டே நாட்களில் சாதாரண சூறாவளியிலிருந்து அதிதீவிரத்தின் உச்சத்தை எட்டியது. கடலுக்குப் போன நம் மீனவர் கரை திரும்புவதற்கு இரண்டு நாள் போதுமா என்பதை வள்ளமுள்ள வீட்டாரே அறிவர்.

அம்பன் பங்களாதேஷையும் தாக்கியது. அதே கடற்கரையில் 1970இல் சுமார் 3 இலட்சம் பேரும், 1991இல் ஏறத்தாழ 138,000 பேரும் மாண்டிருந்தார்கள். 2020இல் அந்நாட்டில் இறந்தோர் சில பத்துப்பேர் மாத்திரமே. காற்று தணிந்துவிடவில்லை. தொண்டர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் எச்சரித்தன. இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் முன்கூட்டியே புகலிடம் சென்றார்கள். நம்மைவிடச் செல்வம் மிகுந்த நாடன்று அது.

நம் ஊர்களிலும் ஒலிபெருக்கி உண்டு, இளைஞர்களும் உண்டு. அடுத்த கார்த்திகையில் வானொலியில் தாழமுக்கம் பற்றிய அறிவித்தல் வரும்போது, காற்றின் வேகத்தோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை மில்லிமீற்றர் மழை, மேட்டுநிலக் குளங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டனவா, எந்த வீதியை நீர் மூடியிருக்கிறது என்று கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மாவடிப்பள்ளி வீதியில் நீர் பாயும் நாளில், பிள்ளை விடுதியிலேயே ஓர் இரவு தங்கட்டும். வாப்பா மறுநாள் வந்து அழைத்துக்கொள்ளலாம்.